மாமனாருக்கு இருமல்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம், மாமனாருக்குத்தான் இருமல். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சுரங்கத்துத் தூசி நெஞ்சில் இறங்காமல் பார்த்துக்கொள்கிறாயா என்று எழுது.

உன் அத்தானைப் பெற்றவருக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே. நான் சொல்வது நம் காரை. அப்பா வைத்த பெயரை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. கொட்டகையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் வீட்டையே வேலை வாங்கினால் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? நேற்று சாவியைத் திருகினேன். "ஹக்... ஹக்... ஹக்..." என்று மூன்று தரம் கனைத்துவிட்டு ஓய்ந்துபோனார். தெருக்கோடி மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல இதுல என்னம்மா இருக்கு? பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. போன கடிதத்தில், "மாமனார் ஸ்டேஷனுக்கு வந்து கூப்பிட்டால் வருகிறேன்" என்று எழுதியிருந்தாய். விளையாட்டுக்கு எழுதினாயோ என்னவோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவரை நான் ஓட வைக்கிறேன், நீ வந்து சேர். முப்பது வருஷமாகத் தையல் மிஷினைப் பிரித்து மாட்டுகிறவளுக்கு இது கொஞ்சம் பெரிய மிஷின், அவ்வளவுதானே.

நீ வழி சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆபீசுக்கு போன் போடட்டுமா? வயரை இழுத்து ரிசீவரை எஞ்சின் பக்கத்தில் பிடிக்கிறேன். வண்டி தெரு திரும்பும்போதே என்ன கோளாறு என்று சொல்லுகிற காதாயிற்றே உன்னுடையது.

தபால்காரர் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எங்கள் மெஸ் சாப்பாட்டைச் சாப்பிட்டும் நன்றாக இருக்கிறது என்றால் பார்த்துக்கொள். அத்தானுக்கு முட்டிவலி குறைந்ததா?

போன் வேண்டாம். ஆபீஸ் அறைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடுகிறது, ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. நீ எழுது. சத்தத்தையும் எழுதிவிடு. "ஹக் ஹக் ஹக்" என்று படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பாட்டரிக்குத் தெம்பில்லை.

பாட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும். மைனஸ் முனையை முதலில் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு. வெந்நீர் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய். பிறகு தெருவில் யாரிடமாவது கொடுத்து ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்று. அப்படியே நான்கு பிளக்கையும் கழற்றிக் கரியைச் சுரண்டு. எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்று அடையாளம் வைத்துக்கொண்டு கழற்று. மாற்றி மாட்டினால் மாமனார் வெடி வெடித்துத் தெருவைக் கூட்டிவிடுவார்.

நிதானமாகச் செய், அவசரமே இல்லை.

தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் கிரீஸ் கறை இருந்தால் மன்னித்துக்கொள். கையை மூன்று தரம் கழுவியாயிற்று. நாங்கள் சுகம். உன் அத்தானின் முட்டிவலி, நான் டார்ச்சைக் கையில் கொடுக்கிற நேரம் பார்த்துத்தான் வருகிறது.

தம்பி, கிளம்பிவிட்டார்! நான்கு வயருக்கும் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நூல் கட்டிவிட்டேன். தையல்காரிக்கு நூலுக்கா பஞ்சம்? சாவியைத் திருகியதும் கொட்டகை முழுக்கப் புகை. உன் அத்தான் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். "எங்கப்பாவையே நீ இப்படிக் கவனிச்சதில்லடி" என்றார். "உங்கப்பா என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனதில்லையே" என்றேன்.

ஆனால் இப்போது வேறு ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் "கீஈஈஈச்". நம் சின்னம்மா சிரிப்பார்களே, முதலில் மெதுவாக ஆரம்பித்து, மூச்சை இழுத்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் வரைக்கும் போகுமே, அதேதான். விட்டால் உடனே நின்றுவிடுகிறது.

இதைச் சரிசெய்ததும் டிக்கெட் எடுத்துவிடுவாய்தானே?

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது, நான் நலம். நூல் கட்டிய விஷயத்தைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சின்னம்மா சிரித்தால் ஃபேன் பெல்ட். தளர்ந்திருக்கிறது. டைனமோவைப் பிடித்திருக்கிற போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி முடுக்கு. கட்டை விரலால் பெல்ட்டை அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் முறுக்காதே, டைனமோ கெட்டுவிடும்.

டிக்கெட்டுக்கு இப்போது என்ன அவசரம்? பிரேக்கைப் பார்த்தாயா? பிரேக் இல்லாத வண்டியில் நான் ஏற மாட்டேன். ஆயில் பழசாகியிருக்கும், குழாயில் காற்று புகுந்திருக்கும். மிதிக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கினால் அதுதான். அத்தானை பிரேக் மிதிக்கச் சொல்லி, நீ சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே எடுக்க வேண்டும். நீ திருகை மூடும்வரை அவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப வந்துவிடும்.

தம்பி


மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம், அதாவது இன்னும் பேசிக்கொள்கிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து பிரேக்கில் காற்று எடுத்துவிட்டால் அப்புறம் அவர்களை யாராலும் பிரிக்க முடியாது.

நான் வண்டிக்கு அடியில், உன் அத்தான் மேலே. "மிதிங்க" என்றால் மிதிப்பதற்கு என்ன கஷ்டம்? கணக்கு வாத்தியார் அல்லவா, "ஒண்ணு, ரெண்டு, மூணு, மிதிச்சாச்சு, அடுத்து என்ன செய்யணும், விடவா?" என்று கேட்டுக்கொண்டே விட்டுவிடுவார். நான்கு சக்கரத்துக்கும் ஒரு முழு நாள். பிரேக் ஆயில் என் முகத்தில் இரண்டு தரம். ஆனால் சாயங்காலம் பெடல் கல் மாதிரி நின்றது. தெருமுனை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். மெக்கானிக் கடை வாசலில் வேண்டுமென்றே நிறுத்தி, "இரும்புக்காரர் விலாசம் குடுங்க" என்றேன். மனிதர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! கல்யாணத்தன்றுகூட நான் இப்படிச் சிரிக்கவில்லை என்கிறார் உன் அத்தான்.

சொல்ல முடியாமல்தான் மறுநாள் ஆபீசுக்கு போன் போட்டேன். ஸ்டோர் கிளார்க் எடுத்தார். "அவர் போன்ல பேச மாட்டாரும்மா, சேதி சொல்லுங்க, எழுதிக் குடுத்துடறேன்" என்றார். இது என்ன புதுப் பழக்கம்? அக்காவிடம் பேசுவதற்குக்கூடவா உனக்குக் கௌரவம்?

இன்னும் ஒரே ஒரு சத்தம் பாக்கி. எஞ்சினின் தலையில் "டிக் டிக் டிக்". தையல் மிஷினில் ஊசி வளைந்தால் வருமே, அப்படி. சரியாக எழுத வரவில்லை. அதனால் கேஸட்டில் பிடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்.

வருகிற தேதியையும் சொல்.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

நான் நலம். போன் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, வேலை நேரத்தில் கூப்பிட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

கேஸட் வந்தது. இரண்டு தரம் போட்டுக் கேட்டேன், நன்றாகப் பதிந்திருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் வால்வைத் தட்டுகிற டாப்பெட் தளர்ந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று பிறகு எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அந்த ரப்பர் குழாயைப் பார். விரலால் அமுக்கும்போது வெடிப்பு தெரிந்ததென்றால் மாற்றிவிடு. ஹார்ன் வேலை செய்கிறதா? நான் ரயிலைவிட்டு இறங்கும்போது ஸ்டேஷன் வாசலில் அப்பா அடிப்பாரே, இரண்டு குறில், ஒரு நெடில். அது இல்லாமல் வீடு வந்த மாதிரியே இருக்காது. அதையும் சரிசெய்துவிடு. தேதியை அப்புறம் பார்க்கலாம்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி, மற்றபடி சுகம். உன் அத்தான் இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்காகப் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தன் குரலிலேயே கேஸட்டில் பதிந்து வைத்திருந்தார். இன்றைக்குத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனார். "எல்லாரும் கண்ண மூடிட்டு நல்லாக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினாராம். டிக் டிக் டிக் டிக்! நடுவில் என் குரல்: "இன்னும் கொஞ்சம் மிதிங்க, தூங்கிட்டீங்களா?" நாற்பது பிள்ளைகளும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்களாம். இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன பெயர் என்று நான் சொல்லவா வேண்டும்? இரண்டு கேஸட்டும் ஒரே மாதிரி, என் தையல் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவசரத்தில் நான் அவருடையதை எடுத்து உனக்கு

இந்த இடத்தில் எழுந்து போய்விட்டேன். துணி உலர்த்தினேன், மடித்து வைத்திருந்ததையே மறுபடி மடித்தேன். இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன், கிழிக்கவில்லை. நமக்குள் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது.

ஹோஸ் மாற்றியாயிற்று. பழையது நான் தொட்டதுமே விரிந்துவிட்டது. ஹார்னுக்கு ஒன்றுமில்லை, பாடியோடு சேருகிற வயரில் துரு. உப்புத்தாளால் தேய்த்தேன், அடிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

ஆறு வாரமாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார். நாங்கள் சுகம் என்று எழுதுகிறேன், ஆனால் உன் கையெழுத்தைப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ எனக்கு எதையும் விளக்க வேண்டாம். வண்டியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், கேள்.

இனிமேல் சத்தத்தை எழுதுவதாக இல்லை. நேற்று எஞ்சினை ஓடவிட்டு, டாப்பெட் மூடிமேல் துணி போட்டு உள்ளங்கையை வைத்தேன். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கையை நகர்த்தினேன். முதல் இரண்டு சிலிண்டர் இருக்கிற இடத்தில் மெத்தென்று ஒரே சீராக அதிர்கிறது. அதைத் தாண்டியதும் உள்ளிருந்து ஒரு விரல் சுண்டுவது மாதிரி இருக்கிறது. கியர் கம்பியைப் பிடித்தால், நின்றிருக்கும்போது லேசான நடுக்கம், வண்டி நகர்ந்ததும் அடங்கிவிடுகிறது. ஸ்டியரிங்கில் ஒன்றுமில்லை. சீட்டில் உட்கார்ந்தால் முதுகுக்கே எல்லாம் தெரிகிறது, தம்பி. முப்பது வருஷமாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நூல் அறுந்ததை நான் ஒரு நாளும் காதால் தெரிந்துகொண்டதில்லை. எல்லாம் விரல்தான்.

டாப்பெட்டைச் சரிசெய்யவில்லை. விட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டு வரி எழுதிப் போடு.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

இரண்டு வரிக்கு மேல் ஆகும்.

நீ அனுப்பிய கேஸட்டை மெஸ்ஸில் இருந்த டேப் ரெக்கார்டரில் போட்டேன். அங்கே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போட்டேன். ஸ்பீக்கர்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. எஞ்சின் என்று நினைத்துக்கொண்டேன். அத்தான் வாய்ப்பாடு சொல்வதும் நம் வண்டி ஓடுவதும் விரலுக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடு.

இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில், யாராவது பக்கத்தில் வந்து கத்தினால் கத்துகிறார்கள் என்று தெரிகிறது, என்ன கத்துகிறார்கள் என்று தெரிவதில்லை. இருபது வருஷம் ஜெனரேட்டர் அறையில் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். கடைசித் தடவை வீட்டுக்கு வந்தபோதே ஆரம்பித்திருந்தது. நீ பின்னாலிருந்து கூப்பிட்டு நான் திரும்பவில்லை என்று கோபித்துக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? போன வருஷத்திலிருந்து என்னை எஞ்சின் பக்கம் விடுவதில்லை. கருவி அறையில் ஸ்பானர் துடைத்து மாட்டுகிறேன். சம்பளம் குறைக்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள்தான்.

வீட்டுக்கு வராததற்குக் காரணம் பிரேக்கும் ஹோஸும் இல்லை என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நான் வந்து இறங்கினால் தெருவே பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். "இதக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுப்பா" என்பார்கள். நான் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது, அக்கா. காது இருந்ததால்தான் நான் மெக்கானிக். இல்லையென்றால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது சிலிண்டர் என்றது குருட்டாம்போக்கில் சொன்னது. அந்த வண்டியில் எப்போதும் அதுதான் முதலில் தளரும். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதங்களில் மட்டும்தான் எனக்கு இப்போது சத்தம் கேட்கிறது. சின்னம்மா சிரித்த கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

தம்பி


ஜூலை 4

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை நான் படித்து, உன் அத்தான் படித்து, மறுபடி நான் படித்தேன். ஒரு மூச்சு அழுதேன், மறைப்பானேன். அத்தான் என் கையில் இருந்த கைக்குட்டையை வாங்கித் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் இருவரும் கொட்டகைக்குப் போனோம்.

டாப்பெட் மூடியைக் கழற்றினேன். உன் பழைய பெட்டியில், சந்து அளக்கிற அந்த மெல்லிய எஃகுத் தகடுகள் துரு பிடிக்காமல் அப்படியே இருக்கின்றன. சரியான கனம் எது என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்து, அந்தத் தகட்டை ஒவ்வொரு டாப்பெட்டின் சந்திலும் நுழைத்துப் பார்த்தேன். எஞ்சின் சுற்றுவதற்காக அத்தான் வண்டியைக் கியரில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுத்தார். முதல் சிலிண்டரில் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. மூன்றாவதில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மூன்றாவதுதான், தம்பி. கேட்காமலேயே சரியாகச் சொல்லியிருக்கிறாய். நம் தெருக்கோடி மெக்கானிக்குக் காது இரண்டும் நன்றாக இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும்.

நட்டை நான் முடுக்கவில்லை. தகடு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரிய வேண்டிய வேலை, அதற்குக் காது எதற்கு? அது உன் வேலை. மூடியை மூடிவிட்டேன். நீ வருகிறவரை டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கட்டும், அதை நான் கேட்டுக்கொள்கிறேன். தெருக்காரர்கள் வந்து நின்றால் நான் பக்கத்தில் நிற்பேன். சத்தத்தை எழுதிக் காட்டுவேன். ஒரு நோட்டும் பென்சிலும் டாஷ்போர்டில் வைத்துவிட்டேன். ஆறு மாதமாக எழுதிப் பழகியாயிற்று, ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதினால் தபால் செலவு மிச்சம். அத்தான் ஒவ்வொரு வார்த்தையையும் வாயைப் பெரிதாகத் திறந்து சொல்லிப் பழகுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை, அதற்காகவாவது சீக்கிரம் வா.

ஸ்டேஷன் வாசலில் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருப்பேன். ஹார்ன் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிக்கப் போவதில்லை. முன்விளக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு குறில், ஒரு நெடில்.

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

இருபத்தெட்டாம் தேதி காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். துணியெல்லாம் துவைத்தாயிற்று. அத்தானிடம் வாயை ரொம்பத் திறக்க வேண்டாம் என்று சொல்.

விளக்கை மூன்று தரம் போடாதே, பாட்டரி பழசு, இறங்கிவிடும். ஒரு தரம் போடு, போதும். கண் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

தம்பி